எண்ணெயா, சிலிக்கோனா, அம்மோனியம் சல்பேட்டா: புல்களைக்கொல்லியுடன் எதைச் சேர்ப்பது?

மேட்டுநிலம் (இழையைத் தொடங்கியவர்)

நிலக்கடலையில் புல் மண்டிவிட்டது. இரண்டு வயல்களுக்கும் ஒரே நாளில், ஒரே புட்டியிலிருந்து க்ளெத்தோடிம் என்னும் புல்களைக்கொல்லியை எடுத்துத் தெளித்தேன். இன்றோடு 14 நாள் ஆகிறது. முதல் வயலில் புல் செத்துக்கொண்டிருக்கிறது. இரண்டாவது வயலில் இலை நுனி கொஞ்சம் வெளுத்ததோடு சரி. அடியிலிருந்து பச்சை மறுபடியும் ஏறுகிறது.

ஒரே புட்டி என்பதால் மருந்தைக் குறை சொல்ல வழியில்லை. அளவிலும் ஒரு சொட்டுக் குறைக்கவில்லை. இரண்டு வயலுக்கும் சிலிக்கோன் பரப்பியைத்தான் சேர்த்தேன். புட்டியின் சீட்டில் எண்ணெய் சேர்க்கச் சொல்லியிருந்தது உண்மை. பரப்பி இருக்கும்போது எண்ணெய் எதற்கு என்று விட்டுவிட்டேன். சிலிக்கோன் கலந்த நீர், தாளில் மை ஊறுவதைப்போல இலைமேல் பரவியதைக் கண்ணால் பார்த்தேன். அப்படிப் பரவியும் ஏன் பலிக்கவில்லை?

எனக்குத் தெரிந்த ஒரே வேறுபாடு தண்ணீர். முதல் வயலுக்கு மழைநீர்க் குட்டையிலிருந்து எடுத்தேன், இரண்டாவதற்கு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து. ஆனால் அந்தக் கிணற்று நீர் கடின நீர் அல்ல. சோப்பு அருமையாக நுரைக்கும், பாத்திரத்தில் வெள்ளைப் படிவும் கட்டாது. ஆகவே நீரைச் சந்தேகிக்கவும் மனம் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரப்போரம்

முதலில் சில கேள்விகள். நிற்பது எல்லாம் புல்தானா? தண்டை விரலிடையில் உருட்டிப் பாருங்கள். மூன்று பட்டையாக உருண்டால் அது கோரை. க்ளெத்தோடிம் அதை ஒன்றும் செய்யாது, எண்ணெய், பரப்பி என்று எந்தத் துணைப்பொருளைச் சேர்த்தாலும் செய்யாது. தண்டு உருண்டையாகவோ தட்டையாகவோ இருந்து, கணு தெரிந்தால் புல்.

அடுத்து, தெளித்த அன்று புல் எத்தனை இலையில் இருந்தது? மண்ணில் ஈரம் இருந்ததா? அகன்ற இலைக் களைக்கான மருந்து எதையும் அதே டேங்கில் கலந்தீர்களா? ஹெக்டேருக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் போனது?

இன்னொன்றும் செய்யுங்கள். இரண்டு வயலிலும் சில தூர்களில் நடுக்குருத்தைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.

மேட்டுநிலம்

பார்த்துவிட்டு வந்தேன். ஓரத்தில் கொஞ்சம் கோரை உண்டு, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மற்றவை பெரும்பாலும் குதிரைவாலிப் புல், ஆங்காங்கே அருகம்புல். குதிரைவாலி 4 இலையிலிருந்து 6 இலைவரை இருந்தது. மண்ணில் ஈரம் இருந்தது. வேறு மருந்து கலக்கவில்லை. கைத்தெளிப்பானில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 400 லிட்டர் போயிருக்கும்.

குருத்து விஷயம் எனக்கு வியப்பாக இருந்தது. முதல் வயலில் வெளி இலைகள் இன்னும் பாதிப் பச்சையாகவே இருக்கின்றன, ஆனால் நடுக்குருத்தைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அதன் அடி பழுப்பாக அழுகி, நசுக்கினால் கொழகொழவென்று இருந்தது. இரண்டாவது வயலில் இழுத்தால் தூரே ஆடுகிறது, குருத்து வரவில்லை. பலமாக இழுத்து அறுத்துப் பார்த்தேன். அடி வெள்ளையாக, உறுதியாக இருக்கிறது.

நுனிக்குருத்து

நீங்கள் பார்த்த அந்தப் பழுப்பு அடிதான் இந்த மருந்தின் கையொப்பம். அதிலிருந்தே தொடங்குகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புல்லின் வளர்முனை, தண்டு நீளத் தொடங்கும்வரை மண்ணை ஒட்டி, இலையுறைகளுக்குள் பொதிந்து கிடக்கிறது. மாடு மேய்ந்தாலும் புல் மறுபடி தழைப்பது அதனால்தான். ஆகவே இலையைக் கருக்குவதால் புல் சாகாது. மருந்து இலைக்குள் நுழைந்து, சர்க்கரை போகும் வழியாகவே இறங்கி, அந்த வளர்முனையை அடைய வேண்டும். க்ளெத்தோடிம், செத்தாக்ஸிடிம் போன்ற ‘டிம்’ வகைகளும், குவிசாலோஃபாப், ஃப்ளூயாஸிஃபாப் போன்ற ‘ஃபாப்’ வகைகளும் அங்கே போய் அசிட்டைல் கோஏ கார்பாக்சிலேஸ் என்னும் நொதியை முடக்குகின்றன. கொழுப்பு அமிலம் உருவாவது நின்றால் புதுச் செல்லுக்குச் சவ்வு கிடையாது. வளர்ச்சி ஓரிரு நாளிலேயே நின்றுவிடும். கண்ணுக்குத் தெரிய ஒரு வாரத்துக்கு மேலாகும். நிலக்கடலை போன்ற இருவித்திலைப் பயிர்களில் அந்த நொதியின் அமைப்பே வேறு, அதனால் அவை தப்பிக்கின்றன.

எண்ணெய் ஏன் என்ற கேள்விக்கு வருகிறேன். புல்லிலை செங்குத்தாக நிற்கிறது, குறுகலானது, மேலே நுண்ணிய மெழுகுப் படிகங்கள் அடர்ந்திருக்கின்றன. வெறும் தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். அந்தத் துளி மெழுகின்மேல் முத்தாக உருண்டு விழுந்துவிடும். சாதாரண அயனியற்ற நனைப்பான் (மின்னூட்டம் இல்லாமல், நீரை இலையில் ஒட்டிப் பரவவைக்கும் பொருள்) சேர்த்தால் இழுவிசை 30 அளவுக்கும், சிலிக்கோன் சேர்த்தால் 20ஐ ஒட்டியும் இறங்கும். நீங்கள் பார்த்த ‘மை ஊறுவது’ இதுதான். ஆனால் பரவுவது ஒரு வேலை, நுழைவது வேறு வேலை. க்ளெத்தோடிம் வெயிலில், குறிப்பாகப் புற ஊதாக் கதிரில், விரைவாகச் சிதையும் மருந்து. இலைமேல் மெல்லிய படலமாகப் பரவிச் சட்டென்று காய்ந்துபோனால், உள்ளே போவதற்குள் வெயில் அதைத் தின்றுவிடும். எண்ணெய் இங்கேதான் உதவுகிறது. அது மெழுகை இளக்குகிறது, துளியின் எச்சத்தைக் காயவிடாமல் நெகிழ்வாக வைத்திருக்கிறது, எண்ணெயில் கரையும் மருந்துக்கு வழிவிடுகிறது. வெயிலோடு நடக்கும் ஓட்டப் பந்தயத்தில் மருந்தை முந்தவைப்பது எண்ணெய்தான்.

சீட்டில் எண்ணெய் என்று எழுதியிருந்தால் அது மருந்தின் ஒரு பாதி என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதை விட்டுவிட்டுத் தெளிப்பதை அளவு குறைத்துத் தெளிப்பதாகவே நான் கருதுவேன்.

களத்துமேடு

இதை முழுக்க ஒப்புக்கொள்ள முடியவில்லை. வரப்பில் எல்லாக் களையையும் கொல்லும் க்ளைஃபோசேட்டுடன் சிலிக்கோன் சேர்த்து அடித்து மிக நல்ல பலன் கண்டவன் நான். தெளித்துச் சிறிது நேரத்தில் மழை பெய்தும் களை செத்தது. எண்ணெயும் அம்மோனியம் சல்பேட்டும் சுமந்து திரிவதைவிட ஒரு மூடி சிலிக்கோன் எவ்வளவோ எளிது.

நுனிக்குருத்து

நீங்கள் கண்டதை நான் மறுக்கவில்லை. வரப்பில் இருந்தவை அகன்ற இலைக் களைகளா என்பதை மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள். சிலிக்கோனால் இழுவிசை அவ்வளவு தாழும்போது நீர் இலைத்துளைகள் வழியாகவே நேரே உள்ளே போகும். அதனால்தான் மழைக்கு முந்திக்கொள்கிறது. ஆனால் புல்வகைகள் சிலவற்றில், சிலிக்கோன் சேர்த்தபோது க்ளைஃபோசேட் உட்புகுவது குறைந்ததை ஆய்வாளர்கள் 1990களிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு செடியில் உதவியதே இன்னொன்றில் எதிராகத் திரும்புகிறது.

இரண்டு நடைமுறைச் சிக்கல்களும் உண்டு. ஹெக்டேருக்கு 400 லிட்டர் தெளிக்கும்போது சிலிக்கோனும் சேர்ந்தால் துளிகள் ஒன்றோடொன்று கூடி, நிமிர்ந்த இலையிலிருந்து வழிந்து மண்ணுக்குப் போய்விடும். அடுத்து, சிலிக்கோன் மூலக்கூறு நடுநிலைக்கு அருகிலுள்ள நீரில் மட்டுமே நிலைக்கும். அமிலமோ காரமோ அதிகமானால் சிதையும். முதல்நாள் கலந்து மறுநாள் அடிப்பவர்களுக்கு அது வெறும் தண்ணீர்தான்.

பனித்துளி

நீரைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. மேட்டுநிலம் ஐயா எழுதியதில் என் கண்ணில் பட்டது ‘சோப்பு அருமையாக நுரைக்கும்’ என்ற வரிதான். நான் நீர்ப் பரிசோதனை செய்பவள், அதனால் கேட்கிறேன்: அந்த நீரில் குளித்தால் எவ்வளவு ஊற்றினாலும் உடம்பில் வழவழப்பு போகாமல் இருக்கிறதா? குடித்தால் லேசாகச் சோடா உப்புச் சுவை தெரிகிறதா?

மேட்டுநிலம்

ஆம் அம்மா, இரண்டுமே உண்டு! அந்த நீரில் பருப்பு வேகவே வேகாது என்று நினைத்தேன், ஆனால் குழைந்து வெந்துவிடுகிறது. அதனால் நல்ல நீர் என்றே இருந்துவிட்டோம்.

பனித்துளி

அப்படியானால் அது பெரும்பாலும் சோடியம் பைகார்பனேட் நீர். கால்சியமும் மக்னீசியமும் குறைவு, அதனால் சோப்பு நுரைக்கிறது, படிவு கட்டுவதில்லை. ‘கடின நீர் இல்லை’ என்று நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் களைக்கொல்லிக்கு எல்லா நீரும் ஒரே விதமாகக் கெடுதல் செய்வதில்லை.

க்ளைஃபோசேட்டுக்குப் பெரிய எதிரி கால்சியம், மக்னீசியம், இரும்பு. அவை மருந்தோடு இணைந்து, இலைக்குள் எளிதில் நுழையாத உப்பாக மாற்றிவிடும். க்ளெத்தோடிம், செத்தாக்ஸிடிம் இரண்டும் வலுக்குறைந்த அமிலங்கள். அவற்றைத் தடுப்பதில் சோடியம் பைகார்பனேட் பெயர்பெற்றது. மருந்தின் சோடியம் உப்பு இலையில் நுழையத் திணறும். அங்கேதான் உங்கள் இரண்டாவது வயல் மாட்டிக்கொண்டது. ‘ஃபாப்’ மருந்துகள் எஸ்டர் வடிவில் வருவதால் அவற்றுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

இதற்குத் தீர்வு அம்மோனியம் சல்பேட். அம்மோனியம் அயனி சோடியத்துக்குப் பதிலாகக் களைக்கொல்லியோடு சேர்ந்து எளிதில் நுழையும் வடிவத்தைத் தருகிறது. கடின நீராக இருந்தால் சல்பேட் போய் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வழக்கமான அளவு லிட்டருக்கு 10 முதல் 20 கிராம். 15 லிட்டர் தெளிப்பானுக்கு 150 முதல் 300 கிராம் வரும்.

நீரின் பரிசோதனை அறிக்கை கையில் இருந்தால் இன்னும் துல்லியமாகக் கணக்கிடலாம். அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தார் தந்த ஒரு சூத்திரம் பரவலாகப் பயன்படுகிறது. பொட்டாசியத்தை 0.002ஆலும், சோடியத்தை 0.005ஆலும், கால்சியத்தை 0.009ஆலும், மக்னீசியத்தை 0.014ஆலும், இரும்பை 0.042ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். அளவுகள் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கில் இருக்க வேண்டும். வரும் விடை 100 அமெரிக்க காலனுக்கு எத்தனை பவுண்டு அம்மோனியம் சல்பேட் என்பது. அதை 1.2ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை கிராம் என்று கிடைத்துவிடும். இந்தக் கூட்டல் நீரிலுள்ள உப்புகளை ஈடுகட்ட மட்டுமே. செடியின் உள்ளே நுழைவதற்கு அம்மோனியம் தனியாகவும் உதவுகிறது, அதனால் கணக்கு எவ்வளவு சிறிதாக வந்தாலும் நான் லிட்டருக்கு 10 கிராமுக்குக் கீழே போகச் சொல்வதில்லை.

களத்துமேடு

அம்மோனியம் சல்பேட் எல்லாம் எதற்கு? எலுமிச்சை அமிலமோ வினிகரோ ஊற்றிக் கார அமில அளவை (pH) 5க்கு இறக்கினால் போதாதா? எல்லா மருந்தும் அமில நீரில்தான் நன்றாக வேலை செய்யும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

நுனிக்குருத்து

‘எல்லா மருந்தும்’ என்ற சொல்லில்தான் பிழை இருக்கிறது. நிக்கோசல்ஃபுரான் போன்ற சல்ஃபோனைல்யூரியா மருந்துகள் அமில நீரில் கரையவே மறுக்கும். கரைந்ததும் அமிலத்தில் சிதையும். க்ளெத்தோடிம்மும் கார நீரைவிட அமில நீரில்தான் விரைவாகச் சிதைகிறது. க்ளைஃபோசேட்டுக்கு எலுமிச்சை அமிலம் ஓரளவு உதவுவது அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால். வினிகருக்கு அந்தப் பிடிப்பும் இல்லை. எண் இறங்கியது என்பதற்காக மகிழ வேண்டாம். நீரில் மருந்தைப் பிடித்துவைக்கும் அயனி இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கொத்துமண்வெட்டி

பாத்திரம் கழுவும் திரவம் சேர்க்கலாமா? சிலர் யூரியாவும் சமையல் உப்பும்கூடக் கலக்கிறார்கள்.

வரப்போரம்

சோப்பு வேண்டாம். பழைய வகைச் சோப்பு கால்சியத்தோடு சேர்ந்து திரிந்து முனையை அடைக்கும். பாத்திரத் திரவம் திரியாவிட்டாலும் நுரை தள்ளும், நுரை ஏறிய டேங்கில் அளவு தவறும், எவ்வளவு சேர்ப்பது என்று யாராலும் சொல்ல முடியாது. சமையல் உப்பு அதைவிடக் கெடுதல்: அது சோடியம். பனித்துளி அம்மா மேலே எழுதியதைப் படித்துவிட்டு யாரும் சோடியத்தைக் கைநிறைய அள்ளிப் போட மாட்டார்கள். யூரியாவில் சல்பேட் இல்லை, ஆகவே கால்சியத்தை அது பிடிக்காது. அம்மோனியம் சல்பேட்டுக்கு மாற்றாகாது.

நுனிக்குருத்து

எண்ணெயின் அளவைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன், பலர் இதில் தவறுகிறார்கள். எண்ணெய்த் துணைப்பொருள் இரண்டு விதம். ஒன்று கனிம எண்ணெய், கூடவே 15 முதல் 20 சதவீதம் பால்மமாக்கி, அதாவது எண்ணெயை நீரோடு கலக்கவைக்கும் பொருள். மற்றது மெத்தில் எஸ்டராக மாற்றிய விதை எண்ணெய். மெழுகில் ஊடுருவுவதில் இது வல்லது, பயிரைச் சுடுவதிலும் இது ஒரு படி மேலே. சமையல் எண்ணெயை அப்படியே ஊற்றினால் நீரோடு கலக்காது, மேலே மிதக்கும்.

பொதுவாக 1 சதவீதம், அதாவது 15 லிட்டருக்கு 150 மில்லி. நனைப்பான் நீரின் அளவைப் பொறுத்தது, 0.25 சதவீதம் என்றால் எவ்வளவு நீருக்கும் அதே விகிதம். எண்ணெய் அப்படியல்ல, நிலத்தின் பரப்பையும் பொறுத்தது. விசைத்தெளிப்பானில் ஹெக்டேருக்கு 80 லிட்டர் மட்டும் தெளிப்பவர் 1 சதவீதம் சேர்த்தால் ஹெக்டேருக்கு 800 மில்லிதான் விழும். இலைகளுக்கு அது போதாமல் போகலாம். அதனால்தான் பல சீட்டுகளில் ‘பரப்புக்குக் குறைந்தது இவ்வளவு’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

க்ளைஃபோசேட்டில் இதற்கு நேர்மாறான பிழை நடக்கிறது. அந்த மருந்திலேயே நனைப்பான் கலந்து வரும்போது, நீரை இரட்டிப்பாக்கினால் நனைப்பானின் செறிவு பாதியாகிறது, கடின நீரிலுள்ள கால்சியமோ இரட்டிப்பாகிறது. ‘நன்றாக நனையட்டும்’ என்று நீரைக் கூட்டுபவர் இரண்டு பக்கமும் இழக்கிறார். கலங்கல் நீரும் ஆகாது. களிமண் க்ளைஃபோசேட்டையும் பாராகுவாட் என்னும் களைக்கொல்லியையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வரப்போரம்

என் பங்குக்கு மூன்று எச்சரிக்கைகள். எண்ணெய் சேர்த்துக் கடும் வெயிலில் அடித்தால் பயிர் இலையில் பொத்தல் பொத்தலாகக் கருகும். 2,4-டி, பென்டசோன் போன்ற அகன்ற இலை மருந்துகளைப் புல்மருந்தோடு ஒரே டேங்கில் கலந்தால் புல் தப்பிக்கும். பென்டசோன் சோடியம் உப்பாகவே வருகிறது, காரணம் விளங்கும். புல்மருந்தை முதலில் அடித்து இடைவெளி விட்டு மற்றதை அடியுங்கள். குளத்துக்கும் ஓடைக்கும் பக்கத்தில் எந்த நனைப்பானையும் வழியவிடாதீர்கள். சில நனைப்பான்கள் மீனுக்கும் தவளைக் குஞ்சுக்கும் களைக்கொல்லியைவிடக் கொடியவை.

ஒரே வகைப் புல்மருந்தை ஆண்டுக்கணக்கில் அடித்த நிலத்தில் எதிர்ப்பும் வந்திருக்கலாம். ஆஸ்திரேலியாவில் ரை புல் டிக்லோஃபாப்புக்கு எதிர்ப்புக் காட்டியது 1982லேயே பதிவாகியிருக்கிறது. நொதியே மாறிவிட்ட புல்லுக்கு எண்ணெய் ஊற்றிப் பயனில்லை. மேட்டுநிலம் நண்பரின் முதல் வயலில் அதே புல் செத்திருப்பதால் இங்கே அதை நான் சந்தேகிக்கவில்லை.

பனித்துளி

சோதித்துப் பார்த்துவிடுங்கள் ஐயா. மருந்து படாத ஓரம் ஏதாவது இருந்தால் பட்டை பட்டையாகப் பிரித்து, எல்லாவற்றுக்கும் அதே கிணற்று நீரை எடுங்கள். அம்மோனியம் சல்பேட்டை முதலில் நீரில் முழுதாகக் கரையுங்கள், பிறகு மருந்து, கடைசியில் எண்ணெய். ஒரு கண்ணாடிப் புட்டியில் சிறிதளவு கலந்து அரைமணி நேரம் வைத்துப் பார்த்தால் திரிகிறதா, பிரிகிறதா என்று முன்பே தெரிந்துவிடும்.

மேட்டுநிலம் (மூன்று வாரம் கழித்து)

சோதித்தேன். கிழக்கு ஓரத்தில் ஐந்து பட்டைகள். எல்லாவற்றிலும் க்ளெத்தோடிம் ஒரே அளவு.

கிணற்று நீரில் மருந்து மட்டும் கலந்த பட்டையில் புல் குட்டையானது, சாகவில்லை. சிலிக்கோன் சேர்த்தது அதைவிட மேல். ஆனால் திட்டுத் திட்டாக. எண்ணெய் மட்டும் சேர்த்த பட்டையில் சிறு புல் எல்லாம் செத்தது, தூர்கட்டிய பெரிய புல் பாதி பிழைத்தது. எண்ணெயும் அம்மோனியம் சல்பேட்டும் சேர்ந்த பட்டையில் எட்டாம் நாளே குருத்து கையோடு வந்தது, பெரிய தூரிலும் வந்தது. மழைநீரில் எண்ணெய் சேர்த்தது ஏறக்குறைய இதற்கு இணை. பனித்துளி அம்மா, நீரைத் தனியே பரிசோதனைக்கும் அனுப்பினேன். பைகார்பனேட்டும் சோடியமும் நீங்கள் சொன்னபடியே மிகுதி; கால்சியம் சொற்பம்.

நான்காவது பட்டையின் நடுவே மட்டும் ஒரு முழ அகலத்துக்குப் புல் பச்சையாக நின்றது. முதலில் மனம் சோர்ந்துவிட்டேன். முனையைக் கழற்றிப் பார்த்தால் அம்மோனியம் சல்பேட்டின் கரையாத கட்டி ஒன்று வடிகட்டியைத் தாண்டி உள்ளே சிக்கியிருந்தது. இப்போது வாளியில் கரைத்துத் துணியில் வடிகட்டித்தான் ஊற்றுகிறேன்.

எண்ணெய் பட்ட கடலை இலைகளில் பழுப்புப் புள்ளிகள் விழுந்தன. முற்பகல் 11 மணிக்கு அடித்தது என் தவறு. பிறகு வந்த இலைகள் சுத்தமாக இருக்கின்றன.

அருகம்புல் மட்டும் எல்லாப் பட்டையிலும் மேலே காய்ந்து, மண்ணுக்குள்ளிருந்து மறுபடி ஊசி ஊசியாகத் தலைகாட்டுகிறது. அதற்கு என்ன செய்யலாம்?

வரப்போரம்

அருகின் மண்ணுக்குள் ஓடும் தண்டு ஒரே தெளிப்பில் தீராது. புதுத் தளிர் 7 முதல் 15 சென்டிமீட்டர் வரை வளரட்டும், அதற்கு முன் கை வைக்க வேண்டாம். இலை போதுமான அளவு இருந்தால்தான் மருந்து கீழே இறங்கும். அப்போது நான்காவது பட்டையின் கலவையையே இன்னொரு முறை அடியுங்கள், மாலை வேளையில். சீட்டில் பருவத்துக்கு எத்தனை முறை, அறுவடைக்கு எத்தனை நாள் முன்புவரை என்று இருக்கும். அதைத் தாண்ட வேண்டாம்.

மேட்டுநிலம்

இன்று அளந்தேன், 5 சென்டிமீட்டர்தான் இருக்கிறது. காத்திருக்கிறேன். அதற்குள் குட்டையிலிருந்து தெளிந்த நீரை ஒரு தொட்டியில் பிடித்து வைத்துவிடுகிறேன்.